விண்கல்லின் ஊர் எது?

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. கல்லின் மூலத்தைப் பற்றி அப்பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, வானத்திலிருந்து விழும் கற்களின் மூலத்தை விஞ்ஞானிகள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடாது ஆராய்ந்து வருகிறார்கள். அவ்வாராய்ச்சியில் ஒரு பகுதியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் பல ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தவன். ஒரு சமயம் வகுப்பில், பூமியில் விழுந்த கற்களுள் சில செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவை என்று கூறினேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தக் கல்லில் 'செவ்வாய்' என்று எழுதியா இருக்கிறது?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் அது நகைத்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. செவ்வாயில் மனிதன் இன்னும் காலடி வைத்ததில்லை. இயந்திரங்கள் சென்று இறங்கியிருக்கின்றன என்றாலும், அங்கிருந்து ஒரு பிடி மண்ணையேனும் இன்றுவரை எவரும் பூமிக்குக் கொண்டுவந்ததில்லை. அவ்வாறிருக்க, தரையில் கிடந்த ஒரு கல்லைக் கையிலெடுத்து, "இது செவ்வாயில் பிறந்தது" என்று சொல்லும் துணிவு விஞ்ஞானிக்கு எங்கிருந்து வந்தது?

முதலில் பொதுவான ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுங்கள். இதுவரை பெயரிட்டுப் பதிவு செய்யப்பட்ட விண்கற்கள் 70,000க்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களின் உடைசல்கள். அவற்றின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். அதாவது சூரிய குடும்பம் தோன்றிய காலத்தையே ஒட்டியவை. சிறுகோள்கள் உருவிற் சிறியவை. சிறிய பாத்திரத்துப் பால் விரைவில் ஆறிவிடுவதுபோல், அவையும் தோன்றிய சில காலத்திற்குள் குளிர்ந்து இறுகிவிட்டன. அதன்பின் அவற்றில் எரிமலையும் இல்லை, புதிய பாறையும் இல்லை.

இவ்வொழுங்குக்கு மாறாக மூன்று கற்கள் இருந்தன. 1815ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் பிரான்சு நாட்டில் ஷாசினி என்னும் ஊரில் ஒரு கல் விழுந்தது. 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் நம் நாட்டில், பீகாரில் கயாவுக்கு அருகேயுள்ள ஷெர்காட்டியில் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள கல்லொன்று விழுந்தது. 1911ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் எகிப்தில் நக்லா என்னுமிடத்தில் கற்கள் பல சிதறி விழுந்தன. இம்மூன்றும் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறைகள். ஏனைய விண்கற்களோடு இவை ஒத்துவரவில்லை. ஆதலின், விழுந்த ஊர்களின் பெயரையே இவ்வினத்துக்கு இட்டனர். ஷெர்காட்டிக் கல்லின் இனத்துக்கு ஷெர்காட்டைட் என்று பெயர்.

ஷெர்காட்டிக் கல்லை வியன்னா நகரின் கனிம அறிஞர் குஸ்டாவ் செர்மாக் 1872ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். அதனுள் படிகமாக இருக்க வேண்டிய பெல்ஸ்பார் என்னும் கனிமம், வடிவம் மாறாமலே கண்ணாடியாகியிருப்பதைக் கண்டு வியந்து, அதற்கு மாஸ்கலினைட் என்று பெயர் சூட்டினார். அது எவ்வாறு உண்டாயிற்று என்பது அன்று விளங்கவில்லை. பெரும் மோதலின் அதிர்ச்சியால் படிகம் சிதைந்து கண்ணாடியாகும் என்பது 1960களில்தான் தெளிவாயிற்று. அக்கல்லை அதன் தாய்நிலத்திலிருந்து பெயர்த்தெறிந்த அடியின் தழும்பு அது!

அடுத்து, இக்கற்களின் வயதைக் கணக்கிட்டார்கள். சில தனிமங்களின் அணுக்கள், மாறாத வேகத்தில் சிதைந்து வேறு தனிமங்களாக மாறிவருகின்றன. ருபீடியம் ஸ்ட்ரான்ஷியமாக மாறுவது அத்தகையது. பாறை இறுகிய நாள்முதல் இக்கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால், பாறையின் வயது கிட்டும். நக்லாக் கல்லின் வயது 130 கோடி ஆண்டு என்று வந்தது. ஷெர்காட்டிக் கல்லோ அதனினும் இளையது. அது இறுகிச் சில கோடி ஆண்டுகளே ஆகின்றன என்பது ஆராய்ச்சியிற் புலனாயிற்று. இன்று அதனை ஏறக்குறைய 17 கோடி ஆண்டு என்று கணக்கிடுகின்றனர்.

இங்கே சற்றுச் சிந்தியுங்கள். 130 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய பாறை, 450 கோடி ஆண்டுகளுக்கு முன்பே குளிர்ந்துபோன சிறுகோளிலிருந்து வந்திருக்க இயலாது. சந்திரனா என்றால், அப்பல்லோ பயணங்களில் கொண்டுவந்த சந்திரப் பாறைகள் 300 கோடி ஆண்டுக்கும் மூத்தவை. மேலும் அவற்றில் நீரின் சுவடு மிக அரிது. நக்லாக் கல்லிலோ நீர் பட்டு மாறிய கனிமங்கள் இருந்தன. ஆகவே வெப்பத்தை நெடுங்காலம் உள்ளே காத்துவைத்த பெரிய கிரகம் ஒன்றே இவற்றின் தாயகமாதல் வேண்டும். வெள்ளியின் ஈர்ப்பும் கனத்த வாயு மண்டலமும் கற்களை எளிதில் வெளியேற விடா. எஞ்சி நிற்பது செவ்வாய். 1970களின் இறுதியில் அறிஞர் சிலர் இவ்வாறு எண்ணத் தொடங்கினர்.

ஆனால் இதற்கு வலுவான ஆட்சேபம் எழுந்தது. செவ்வாயின் ஈர்ப்பிலிருந்து ஒரு பொருள் விடுபட வேண்டுமாயின், விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் பெற வேண்டும். பெரும் விண்பாறை ஒன்று செவ்வாயில் மோதித்தான் அவ்வேகத்தைத் தர முடியும். அத்தகைய மோதலில் கல் தூளாகும், அல்லது உருகி ஓடும். முழுக் கல்லாகத் தப்பி வருவது எங்ஙனம்? அன்றைய கணக்குகளின்படி இது நியாயமான கேள்வியே. சந்திரனின் ஈர்ப்பு இன்னும் குறைவு. அங்கிருந்து தப்ப விநாடிக்கு 2.4 கிலோமீட்டரே போதும். அவ்வளவு அருகிலுள்ள சந்திரனிலிருந்தே ஒரு கல்லும் வரவில்லையே, செவ்வாயிலிருந்து எவ்வாறு வரும் என்றும் கேட்டனர்.

இதற்கு விடை அண்டார்க்டிகாவின் பனியில் கிடைத்தது. அங்கே பனிப்பாளம் மெல்ல நகர்ந்து செல்கையில், பல்லாயிரம் ஆண்டுகளாக விழுந்த விண்கற்களையும் சுமந்து செல்கிறது. மலை குறுக்கிடும் இடத்தில் பனி மேலெழுந்து காற்றால் தேய, கற்கள் மேற்பரப்பில் எஞ்சிக் கிடக்கின்றன. 1969இல் ஜப்பானியர் அங்கு ஒன்பது விண்கற்களைக் கண்டெடுத்த பின்னர், பல நாட்டினர் தேடத் தொடங்கினர். 1982ஆம் ஆண்டு ஜனவரியில் ஆலன் மலைப் பகுதியில் 31 கிராம் எடையுள்ள சிறு கல்லொன்று கிடைத்தது. ஸ்மித்சோனியன் நிலையத்தைச் சேர்ந்த பிரையன் மேசன் அதன் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதிலுள்ள வெண்துணுக்குகள் சந்திரப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டார். ஒப்பிடுவதற்கு அவர்களிடம் சான்று இருந்தது. 1969 முதல் 1972 வரை அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த 382 கிலோ சந்திரக் கல்லும் மண்ணும் ஆராய்ச்சிசாலையில் இருந்தன. பல ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே சோதித்தன. எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தனர். அது சந்திரனின் கல்லே! கல் உருகாமல் ஈர்ப்பைக் கடந்து வரக்கூடும் என்பது இவ்வாறு கண்கூடாயிற்று. மோதலிடத்தின் விளிம்பில், மேற்பரப்பை ஒட்டிய பாறை மட்டும் அதிக நசுக்கமின்றி மிகு வேகத்துடன் தெறிக்கும் என்று பின்னர்க் கணக்கிட்டும் காட்டினர்.

செவ்வாய்க்குரிய நேரான சாட்சியம் அடுத்த ஆண்டே வந்தது. நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாட போதனை முறைகளைப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. 1976ஆம் ஆண்டில் வைக்கிங் என்னும் இரு விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி, அங்குள்ள வாயுவை அளந்து பூமிக்குச் செய்தி அனுப்பியிருந்தன. ஏறத்தாழ 8 கிலோ எடையுள்ள ஒரு ஷெர்காட்டைட் கல்லை, 1979-80ஆம் ஆண்டுத் தேடலில் அண்டார்க்டிகாவில் எடுத்திருந்தனர். அதனுள் மோதலின் வெப்பத்தில் உருகிய சில இடங்கள் கருங்கண்ணாடியாய் இறுகியிருந்தன. ஹூஸ்டன் நகரில் டொனால்டு போகார்டு, பிராட் ஜான்சன் என்னும் இருவர் அக்கண்ணாடியைச் சூடேற்றி, அதனுள் அடைபட்டிருந்த வாயுக்களை அளந்தனர்.

அவர்கள் கண்டது என்ன என்பதை அறிய, ஐசோடோப்பு என்னும் சொல்லின் பொருளை நீங்கள் அறிதல் வேண்டும். ஒரே தனிமத்தின் அணுக்களுள் சில எடை மிக்கும் சில எடை குறைந்தும் இருக்கும். குணத்தில் உடன்பிறந்தாரைப்போல் ஒத்தவை. உட்கருவிலுள்ள நியூட்ரான்களின் எண்ணிக்கையில் வேறுபட்டவை. ஆர்கானை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் காற்றில் 36 எடையுள்ள ஆர்கான் அணு ஒன்றுக்கு, 40 எடையுள்ளவை ஏறத்தாழ 300 உள்ளன. செவ்வாயில் அவ்விகிதம் இதைப்போல் பல மடங்கு. ஸெனான் வாயுவில் 129 எடையுள்ளதும் 132 எடையுள்ளதும் பூமியில் ஏறத்தாழச் சமம். செவ்வாயிலோ முன்னது பின்னதைப்போல் இரண்டரை மடங்கு. அக்கண்ணாடிக்குள் அடைபட்ட வாயு, பூமியின் காற்றை ஒத்திருக்கவில்லை. வைக்கிங் அளந்த செவ்வாயின் வாயுவை ஒத்திருந்தது. 1983இல் இது வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் நைட்ரஜனை அளந்தனர். அதுவும் செவ்வாயையே சுட்டியது. குப்பியில் அடைத்து முத்திரையிட்டதுபோல், அக்கல் தன் தாய்க்கிரகத்தின் மூச்சைத் தன்னுள்ளே சுமந்து வந்திருந்தது!

"ஒரு கல்லில் வாயு கிடைத்தது, சரி. ஷெர்காட்டிக் கல்லும் நக்லாக் கல்லும் அதே இடத்தவை என்பதற்குச் சான்றென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதற்கு விடை கூறுவது, பாறைகளுக்குள்ளே கட்டுண்டு கிடக்கும் ஆக்சிஜன்.

நம் கிராமங்களில், ஊருக்கு ஊர் கிணற்று நீரின் சுவை வேறுபடுவதை நீங்கள் அறிவீர்கள். அதுபோல ஒவ்வொரு கிரகத்தின் ஆக்சிஜனுக்கும் தனிக் கலவை உண்டு. 16, 17, 18 என மூன்று எடைகளில் ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. நூற்றுக்கு 99.76 பங்கு 16 எடையுள்ளவை. 18 எடையுள்ளவை 0.2 பங்கு, 17 எடையுள்ளவை 0.04 பங்கு மட்டுமே. ஒரு கிரகத்திற்குள் உருகுதல், ஆவியாதல், படிகமாதல் முதலியவற்றால் இவ்விகிதம் சற்றே மாறும். ஆனால் அம்மாற்றம் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டது: 18 எவ்வளவு மாறுகிறதோ, 17 அதில் ஏறத்தாழப் பாதியளவு மாறும். வரைபடத் தாளில் 18இன் மாற்றத்தைக் கிடையச்சிலும் 17இன் மாற்றத்தை நிலையச்சிலும் குறித்துப் பாருங்கள். பூமியின் கருங்கல், கடல்நீர் எல்லாம் ஒரே சாய்கோட்டில் அமையும். செவ்வாய்க் கற்கள் யாவும் அக்கோட்டிற்குச் சற்று மேலே, அதற்கு இணையான வேறொரு கோட்டில் அமைகின்றன. இரு கோடுகளுக்கும் இடைவெளி ஆயிரத்தில் 0.3 பங்கே. அவ்வளவு நுட்பமான வேறுபாட்டையும் இன்றைய கருவிகள் ஐயமின்றி அளக்கின்றன. இம்முறையை விண்கற்களில் வளர்த்தவருள் தலையாயவர் சிகாகோ பல்கலைக் கழகத்தின் ராபர்ட் கிளேட்டன்.

ஷாசினி, ஷெர்காட்டி, நக்லா ஆகிய மூன்றும், வாயு சுமந்த அந்த அண்டார்க்டிகக் கல்லும் ஒரே கோட்டில் நின்றன. ஆகவே அவை ஒரே குடும்பம். ஒருவர் வீடு தெரிந்ததும் மற்றவர் வீடும் தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆக்சிஜன் உறவைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. ஊரைச் சொல்ல வேறு சாட்சி வேண்டும். சந்திரக் கல்லுக்கு அப்பல்லோ பாறைகள் சாட்சி. செவ்வாய்க் கல்லுக்கு வைக்கிங் அளந்த வாயு சாட்சி. வெஸ்டா என்னும் பெரிய சிறுகோளிலிருந்து வந்த கற்களுக்கு ஒளி சாட்சி. அச்சிறுகோள் பிரதிபலிக்கும் ஒளியின் நிறமாலை, யூக்ரைட் என்னும் விண்கல் வகையின் நிறமாலையை ஒத்திருப்பதை 1970இல் கண்டனர். 2011இல் டான் விண்கலம் வெஸ்டாவை நெருங்கிச் சுற்றிவந்து அவ்வுறவை வலுப்படுத்தியது. இன்னொன்றும் உண்டு. சந்திரனும் பூமியும் ஆக்சிஜனில் ஒரே கோட்டில் நிற்கின்றன. ஆகவே சந்திரக் கல்லைப் பூமிக் கல்லினின்றும் பிரித்தறிய ஆக்சிஜன் உதவாது. அங்கே, இரும்புக்கும் மாங்கனீசுக்கும் உள்ள விகிதம், நீரின்மை, விண்வெளியிலே காஸ்மிக் கதிர்கள் தாக்கியதால் உண்டான அரிய அணுக்கள் ஆகியவையே உதவுகின்றன.

அக்காஸ்மிக் கதிர்கள் பயணக் காலத்தையும் அறிவிக்கின்றன. தாய்ப்பாறைக்குள் புதைந்திருக்கும் வரை கல்லைக் கதிர்கள் எட்டா. தெறித்து வெளியேறிய நாள்முதல் தாக்கத் தொடங்கும். நக்லாக் கற்களும் ஷாசினிக் கல்லும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகள் விண்வெளியில் அலைந்தவை என்பது இவ்வாறே தெரிந்தது. பிரான்சிலும் எகிப்திலும் நூறாண்டு இடைவெளியில் விழுந்தவை, ஒரே மோதலில் ஒருங்கே புறப்பட்ட பயணிகளாதல் கூடும்!

இனி, இம்முறையின் மதிப்பை விளக்கும் ஒரு வரலாறு. 1984ஆம் ஆண்டு டிசம்பரில் அண்டார்க்டிகாவில் ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள கல்லொன்று கிடைத்தது. வெஸ்டா குடும்பத்தது என்று முத்திரையிட்டு அதனைப் பெட்டியில் வைத்துவிட்டனர். 1993இல் டேவிட் மிட்டில்ஃபெல்ட் என்னும் ஆய்வாளர், வெஸ்டாக் கற்களில் எதிர்பாராத கனிமங்கள் அதில் இருப்பதைக் கண்டார். சீட்டில் எழுதியிருந்ததற்காக அவர் கண்டதை மறுக்கவில்லை. ஆக்சிஜனை அளந்தனர், அது செவ்வாயின் கோட்டில் நின்றது. அதன் வயதோ 400 கோடி ஆண்டுக்கும் மேல். 1996இல் வேறொரு குழுவினர், அக்கல்லினுள் பண்டைய நுண்ணுயிர்களின் சுவடு இருக்கலாம் என்று அறிவித்தபோது உலகமே பரபரப்படைந்தது. அவர்கள் காட்டிய அடையாளங்கள் ஒவ்வொன்றும் உயிரின்றியும் உண்டாகக் கூடும் என்று பிறர் எடுத்துக்காட்டினர். அம்முடிவை விஞ்ஞான உலகம் பொதுவாக ஏற்கவில்லை. ஆனால் அக்கல் செவ்வாயினது என்பதை எவரும் அசைக்கவில்லை. ஒரே கல்லைப் பற்றிய இரு கூற்றுகள்; ஒன்று நின்றது, மற்றது நிற்கவில்லை. நின்ற கூற்றுக்குத் தனித்தனியே வந்த சாட்சிகள் பல. அவை யாவும் ஒரே ஊரைக் கூறின.

சாட்சிகள் பின்னரும் வந்துகொண்டேயிருந்தன. 2013இல் கியூரியாசிட்டி என்னும் ஊர்தி செவ்வாயின் வாயுவை மிகத் துல்லியமாக அளந்தது. பூமியில் 38 எடையுள்ள ஆர்கான் அணு ஒன்றுக்கு 36 எடையுள்ளவை 5.3 என்றிருக்க, செவ்வாயில் 4.2 என்று கண்டது. செவ்வாய்க் கற்களிலிருந்து முன்னரே ஊகித்திருந்த அளவோடு அது பொருந்தியது. கல் சொன்னதைக் கிரகமே வழிமொழிந்தது எனலாம்.

புதன், வெள்ளி ஆகிய கிரகங்களின் கல் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விண்கல் ஒன்றேனும் இன்றுவரை இல்லை. புதனுடையதாகலாம் என்று சில கற்களைப் பற்றிப் பேசப்பட்டதுண்டு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க உறுதியான சான்று கிட்டாமையால் தீர்ப்பு கூறப்படவில்லை. "இருக்கலாம்" என்பதற்கும் "இருக்கிறது" என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை விஞ்ஞானி அறிவான். அத்தூரத்தை அவன் ஆவலால் கடப்பதில்லை, அளவுகளால் கடக்கிறான்.

மாணவர்களே, ஷெர்காட்டிக் கல்லின் பெரும்பகுதி கல்கத்தாவில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பில் காக்கப்பட்டு வருகிறது. அது விழுந்த நாளில் விமானம் இல்லை; ஐசோடோப்பு என்னும் சொல்லே பிறக்கவில்லை. அதன் ஊரை அறிய நூறாண்டுக்கு மேல் ஆகும் என்று அதைப் பத்திரப்படுத்தியவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் எங்கே விழுந்தது, எந்நாளில் விழுந்தது என்று எழுதிவைத்துப் பழுதுபடாமல் காத்தார்கள். அவ்வளவே அவர்கள் செய்தது. அவ்வளவும் செய்ததால்தான் பின்வந்தோர் அதனிடம் கேள்வி கேட்க முடிந்தது. உங்களுள் எவரேனும் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளின் எடையையும் தேதியையும் குறிப்பேட்டில் பிழையறப் பதிவு செய்தால், இன்னும் பிறவாத ஒருவருக்கு அது பயன்படலாம் என்பதை நினைவில் வையுங்கள். கல்லின் மேல் ஊர்ப்பெயர் எழுதப்படவில்லைதான். அதனைப் படிக்கும் எழுத்தை மனிதன் பொறுமையாகக் கற்றுக்கொண்டான். அவ்வெழுத்துகளுள் இன்னும் கற்க வேண்டியவை உங்களுக்காகக் காத்திருக்கின்றன.